பங்களா லைனில் குறைந்த சத்தம்

யாராவது என்னிடம் "அக்கா, டிப்ஸ் ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டால், எதையோ தொலைத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள் என்று முதலில் நினைப்பேன். போன மாதம் பதுளை ஆபீசிலிருந்து பேசிய பிள்ளைகளிடமும் அதைத்தான் கேட்டேன்: "என்னா அழிஞ்சுபோச்சு?"

சிரித்தார்கள். ஒன்றும் அழியவில்லையாம். நான் வேலை பார்த்த சர்வர் அறையை மூடிவிட்டு, எல்லாவற்றையும் வெளியே எங்கோ வாடகைக்கு வைக்கப்போகிறார்களாம். அதனால் பழைய அனுபவங்களை எழுதித் தந்தால் ஆபீஸ் மலரில் போடுவார்களாம். எங்கோ என்றால் எங்கே, சாவி யார் கையில் என்று கேட்டேன். அது அவர்களுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதில் அவர்களுக்குக் கவலையும் இல்லை. நான் எழுதுவதை அவர்கள் அச்சில் போடமாட்டார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆகையால் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் நான். தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன், பழக்கதோஷம். பதுளையில் படித்து, டைப்பிங் பழகி, ஒரு தேயிலைக் கம்பனியின் வட்டார அலுவலகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் அங்கே கணினி வந்து இறங்கியது. யார் பழகுவது என்ற கேள்வி வந்தபோது மற்றவர்கள் எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். நான் தவறிப்போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டேன். கொழும்பில் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். குளிரூட்டிய அறையில் தூங்காமல் உட்காரப் பழகிக்கொண்டு திரும்பினேன். உண்மையான படிப்பு பரமநாதன் சேரிடம்தான் ஆரம்பித்தது.

பரமநாதன் சேர் எங்கள் கணக்காளர். யாழ்ப்பாணத்துக்காரர். கணினிப் பிரிவும் அவர் பொறுப்பில் இருந்தது. ஒல்லியான மனிதர், கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய வெள்ளைச் சட்டை. கதவைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார். கொஞ்சம் நடப்பார். திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார். டெலிபோன் மணி அடித்தால் முதலில் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்துவார். பிறகு உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டு பேசுவார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருக்கும் எனக்கு, மனிதர் பேசுகிறாரா, பல்வலியோடு உட்கார்ந்திருக்கிறாரா என்றே தெரியாது. பண்டாரவளையில் மழையா என்று விசாரிப்பதற்கும் அதே கை, அதே குரல்.

தோட்டத்து ஆட்களை அவர் மனிதராகவே மதிப்பதில்லை என்று ஆபீசில் ஒரு பேச்சு உண்டு. நானும் நம்பினேன். என்னைப் 'பிள்ளை' என்று கூப்பிடுவார், 'நீர்' என்று பேசுவார். அதில் மரியாதை எவ்வளவு, தூரம் எவ்வளவு என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

தினமும் வேலை முடியும்போது சர்வரில் இருப்பதையெல்லாம் ஒரு நாடாவில் பிரதி எடுத்து வைக்கவேண்டும். சேர்ந்த புதிதில் ஒருநாள் அவர் வந்து கேட்டார்.

"பிள்ளை, பிரதி எடுத்தாச்சோ?"

"எடுத்தாச்சு சேர். மெசின் சரின்னு சொல்லிருச்சு."

"மெசின் சொல்லும். நீர் பாத்தனீரோ?"

"இல்ல சேர்."

"அப்ப எடுக்கேல்ல. நேத்து வந்த கடிதத்தில ஒண்டை நாடாவில இருந்து எடுத்துக் காட்டும்."

எடுத்தேன். வரவில்லை. முந்தின நாளுடையதும் வரவில்லை. மின்னஞ்சல் கோப்புகள் அந்த நேரத்தில் திறந்தபடி இருந்ததால், மெசின் அவற்றைத் தாண்டிப் போய்விட்டு மற்றதை மட்டும் எடுத்து, சந்தோஷமாகச் 'சரி' போட்டிருந்தது. நான் நாடாக்களுக்கு அழகாகப் பெயரெழுதி அடுக்கி வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. "இனி எடுத்துக் காட்டினாப் பிறகுதான் எனக்குச் சரி" என்றார். அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும் அவருக்கு எடுத்துக் காட்ட வேண்டும். பிள்ளைகளே, நீங்கள் கேட்ட டிப்ஸ்களில் ஒன்று இது. திரும்ப எடுத்துப் பார்க்காத பிரதியை நம்பி வீட்டுக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று இடி. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரமானால் ஊவா மலைகளில் இடி இடிக்கும் இடி சும்மா இல்லை. இடி கேட்டதும் தோட்டங்களில் எல்லோரும் ஓடிப்போய்க் கரண்ட் பிளக்கைக் கழற்றிவிடுவார்கள். அப்படியிருந்தும் அடுத்த நாள் காலையில் தோட்டத்துக்குத் தோட்டம் மோடம் செத்துக் கிடக்கும். மோடம் என்பது கணினியை டெலிபோன் லைனோடு இணைக்கும் சின்னப் பெட்டி. வேண்டுமென்றே யாரோ கெடுக்கிறார்கள் என்று நான் ஒரு பருவம் முழுக்கச் சந்தேகப்பட்டேன். பிறகுதான் போய்ப் பார்த்தேன். கரண்ட் வயரைக் கழற்றியவர்கள் டெலிபோன் வயரை அப்படியே விட்டிருந்தார்கள். மலை மலையாகத் தாண்டி வரும் கம்பியில் மின்னல் ஏறி நேராகப் பெட்டிக்குள் வந்திருக்கிறது. இரண்டு வயரையும் கழற்றுங்கள் என்று சிவப்பு மையால் எழுதி ஒட்டினேன். அப்போதும் சிலர் ஒன்றைத்தான் கழற்றினார்கள்.

கடவுச்சொல் சமாச்சாரம் இன்னும் மோசம். எல்லாத் தோட்டங்களும் தோட்டத்தின் பெயரையே கடவுச்சொல்லாக வைத்திருந்தன. மாற்றச் சொன்னால் மாற்றிவிட்டு, எனக்கே போன் போட்டு, "மிஸ், புதுசு என்னான்னா..." என்று ஆரம்பிப்பார்கள். "ஐயோ, எங்கிட்ட சொல்லாதீங்க" என்று கத்துவேன். என்னை நம்புகிறார்களே என்று சந்தோஷப்படவேண்டிய இடம்தான். எனக்குக் கோபம்தான் வரும்.

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அப்போது கொழும்பிலிருந்து வரும் மின்னஞ்சல் பதுளை சர்வரில் வந்து விழும். ஒவ்வொரு தோட்டத்து ஆபீசும் காலையில் டெலிபோன் லைன் வழியாக எங்கள் சர்வரைக் கூப்பிட்டுத் தன் கடிதத்தை எடுத்துக்கொள்ளும். தோட்டத்துக்கு ஒரு கணினிதான், அதுவும் ஆபீசில். திறந்து வாசிப்பவர் பெரிய கிளாக்கர், அதாவது தலைமை எழுத்தர்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருடம், நான் பிறந்த அதே தோட்டத்து ஸ்டோரை மூடுவது பற்றிக் கொழும்பில் பேச்சு எழுந்தது. தேயிலை ஆலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். கொழுந்தை வேறு தோட்டத்துக்கு லொறியில் அனுப்பிவிட்டு, இங்கேயுள்ள மெசின்களைக் கழற்றிக்கொண்டு போவதுதான் திட்டம். இரகசியம் என்று போட்டு மின்னஞ்சல் வந்தது. அன்று பின்னேரமே தொழிற்சங்க ஆட்கள் பதுளைக்கு வந்து, எங்கள் பெரிய துரையின் அறைக்கு முன்னால் நின்றார்கள். பெரிய துரை என்பது வட்டார முகாமையாளர், சிங்களவர். கடிதத்தில் இருந்ததை அவர்கள் வரிசை மாறாமல் ஒப்பித்தார்கள். முன்னால் நின்றவர் என் அண்ணன். அவர் ஸ்டோரில் வேலை செய்தவர், தோட்டத்துச் சங்கத் தலைவரும் அவர்தான்.

சந்தேகம் யார் மேல் விழும்? எனக்கே என் மேல்தான் விழுந்திருக்கும். பெரிய துரை என்னைக் கூப்பிட்டு, ஆங்கிலத்தில், குரலை உயர்த்தாமல், உன் அண்ணன்தானே அவர் என்று மட்டும் கேட்டார். மாத முடிவுக்குள் செய்தி போன வழி தெரியவேண்டும், தெரியாவிட்டால் நீ போகவேண்டும் என்றார். அது யுத்த காலம். இரகசியத்தை வெளியே கொடுத்தவர் என்று ஒரு தமிழ்ப் பெயருக்குப் பக்கத்தில் எழுதினால், விஷயம் வேலை போவதோடு நிற்காது. பொலிஸ் வரை போகும்.

பரமநாதன் சேர் எல்லோர் முன்னாலும் கையை நீட்டினார். "சாவியைத் தாரும் பிள்ளை."

கொடுத்தேன். சர்வர் அறைக்குப் புதுப் பூட்டு வந்தது. கடவுச்சொற்கள் முழுவதையும் அவரே உட்கார்ந்து மாற்றினார். என்னை நம்பவில்லையா சேர் என்று வாய் வரை வந்ததைக் கேட்டும்விட்டேன்.

"உம்மை நம்பேல்ல எண்டில்லை. நான் ஆரையும் நம்பேல்ல" என்றார்.

அன்று பசறை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதுகொண்டே போனேன். அவ்வளவு அவமானமாக இருந்தது. அண்ணனை நேரில் பிடித்தேன்.

"யாருண்ணே ஒனக்குச் சொன்னது? என் வேலை போகப்போகுது. ஒழுங்கா சொல்லு."

"இதுல சொல்ல என்னா இருக்கு தங்கச்சி? தோட்டத்துக்கே தெரியும். கொழுந்து எடுக்குற புள்ளைங்களுக்குக்கூடத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"தெரியும்" என்றார். அதற்குமேல் கேட்டால் தேத்தண்ணி குடி என்கிறார். சொந்த அண்ணன் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது.

நான் வெளியே நிறுத்தப்பட்டிருந்த அந்த நாட்களில் கொழும்பிலிருந்து இன்னொரு மின்னஞ்சல் வந்தது. சர்வரை நான் தொடக்கூட இல்லை. அதுவும் அன்றைக்கே தோட்டத்தில் பரவியது. சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப வாசல் இங்க இல்லை. நீர் அங்க போய் இரும். ஒண்டும் கேக்காதையும். பாரும்."

கணினி திருத்த வந்ததாகச் சொல்லித் தோட்டத்து ஆபீசில் போய் உட்கார்ந்தேன். காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்கு ஏறியிருந்தார்கள். பெரிய கிளாக்கர் சவரிமுத்து என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட்டார். நரைத்த மீசை, நிதானமான மனிதர். மின்னஞ்சலை எடுத்தார், பதுளையிலிருந்து வந்த சாதாரணச் சுற்றறிக்கை. அதை அச்செடுத்துக்கொண்டு சுவரிலிருந்த பழைய டெலிபோனிடம் போய்க் கைபிடியைச் சுற்றினார். இரண்டு நீண்ட மணி.

அந்த மணியைக் கேட்டே வளர்ந்தவள் நான். ஒரு மணி அடித்தால் ஸ்டோருக்கு, இரண்டு அடித்தால் தோட்டத்து முகாமையாளரான துரையின் பங்களாவுக்கு, மூன்று அடித்தால் ஆஸ்பத்திரிக்கு, அதற்கு மேல் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்கு. எல்லாம் ஒரே கம்பி. யாருக்கு அடித்தாலும் எல்லா இடத்திலும் கேட்கும். யார் வேண்டுமானாலும் ரிசீவரைத் தூக்கலாம். நான் புது மெசினைத் திறந்து திறந்து சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் கிழட்டு டெலிபோன் என் நினைவிலேயே வரவில்லை.

துரை பங்களாவில் காலைச் சாப்பாட்டில் இருந்தார். கணினி ஆபீசில் இருப்பதால், வந்த கடிதத்தைக் கிளாக்கர் போனில் வாசித்துக் காட்டுவதுதான் அங்கே வழக்கமாம். சவரிமுத்து வாசித்தார். ரிசீவரைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்திருந்ததால் எனக்கும் கேட்டது. ஒரு 'டிக்'. துரையின் குரல் கொஞ்சம் மங்கியது. இன்னொரு 'டிக்'. இன்னும் மங்கியது. ஒவ்வொரு ரிசீவரும் எழும்ப எழும்ப லைனில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. சத்தம் குறையக் குறையச் சவரிமுத்து குரலை உயர்த்தினார். ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் வாசிப்பார். பிறகு அதையே தமிழில், நிறுத்தி, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பதுபோல் சொல்வார். அந்தத் துரைக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது.

ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"லைன் ரொம்ப மோசம் மிஸ். ரெண்டு தரம் சொன்னாத்தான் வெளங்குது" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

பதுளைக்குத் திரும்பும் வழியெல்லாம் மனது அடித்துக்கொண்டது. உள்ளதை உள்ளபடி எழுதினால் நான் தப்பிவிடுவேன், சவரிமுத்து போய்விடுவார். எழுதாவிட்டால் நான் போய்விடுவேன். சேரிடம் வாயால் முழுவதையும் சொன்னேன், மணிக் கணக்கு முதல் சத்தம் குறைவது வரை. அவர் ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு விதமாகக் கேட்டார்.

"எத்தனை பேர் தூக்கினாலும் சத்தம் குறையுமோ?"

"ஆமா சேர்."

"அப்ப சத்தம் குறைஞ்சா, ஆக்கள் கேக்கினம் எண்டு அர்த்தம்."

"ஆமா சேர்."

"கிளாக்கர் எந்தப் பாஷையில வாசிச்சவர்?"

தயங்கினேன். "ரெண்டுலயும் சேர்."

"துரைக்குத் தமிழ் வருமோ?"

"வராது சேர்."

அவர், "அது உம்மட அறிக்கைக்குத் தேவையில்லை. லைன் பிழை எண்டு மட்டும் எழுதும்" என்றார். எனக்குப் பாரம் இறங்கியது. கூடவே ஒரு சந்தேகம் ஏறிக்கொண்டது. சவரிமுத்துவின் குடுமியைக் கையில் பிடித்துவைத்து, பிறகு ஒருநாள் ஆட்டுவதற்குத்தான் இப்படி மறைக்கிறார் என்று நினைத்தேன்.

பெரிய துரை அறிக்கையை வாசித்துவிட்டு என் சாவியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். துரை பங்களாவுக்குத் தனி டெலிபோன் லைனும் கணினியும் போனது. நானே போய்ப் பொருத்தினேன். இனித் துரை தானே திறந்து தானே வாசிப்பார். பழைய கம்பியை மாற்ற யாரும் மினக்கெடவில்லை, அது அப்படியே தொங்கியது. தோட்டத்துக்குச் செய்தி போவது நின்றது. நான் நன்றாக வேலை செய்திருந்தேன். அண்ணன் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். அது எனக்கு வலித்தது.

கொஞ்ச நாள் கழித்து ஒருநாள் காலையில் அந்தத் தோட்டத்துத் துரை பதுளைக்கு வந்து பெரிய துரையின் அறைக்குள் போனார். பரமநாதன் சேரையும் கூப்பிட்டார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கடிதங்களைத் திறக்க அதிகாரமிருந்தும் நான் ஒருநாளும் திறந்ததில்லை. அதுவும் ஒரு டிப்ஸ்தான். சேர் மட்டும் முதலில் வெளியே வந்தார். தன் அறைக்குப் போனார். டெலிபோனை எடுத்தார்.

கதவைச் சாத்தவில்லை. கையால் வாயை மூடவும் இல்லை.

"தோட்டத்து ஆபீசோ? துரை பங்களாவுக்குப் பழைய லைனில குடும். ஓம், பழைய லைன்."

நான் தலையைத் தூக்கினேன். பங்களாவின் புது நம்பர் அவருடைய மேசைக் கண்ணாடிக்குக் கீழேயே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே, முற்றத்தில் அந்தத் துரையின் ஜீப் நின்றது.

"ஆர் கதைக்கிறது? அப்புவோ? துரை நிக்கிறாரோ? இல்லையோ? சரி, வந்தவுடன சொல்லும்." அப்பு என்றால் பங்களாச் சமையல்காரர். ஆபீஸ் முழுக்கக் கேட்டது. அவருக்கு அப்படியொரு குரல் இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரியும். "வியாழக்கிழமை விடிய லொறி வரும். ஸ்டோர் மெசின் கழட்ட ஆக்களும் வருவினம். பொலிசும் வருமாம். இது இரகசியம், துரைக்கு மட்டும்தான் சொல்லவேணும். விளங்கினதோ? இன்னொருக்கால் சொல்லுறன், கேளும்."

இன்னொரு தரம் சொன்னார், சவரிமுத்துவைப் போல நிறுத்தி நிறுத்தி. பிறகு ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு கொஞ்சம் கேட்டார்.

"என்ன அப்பு, உம்மட சத்தம் நல்லாக் குறைஞ்சு போச்சு" என்றார். "நல்லது. நல்லது."

வைத்துவிட்டு நிமிர்ந்தபோது நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். "லைன் சரியில்லை பிள்ளை. பலத்துத்தான் கதைக்கவேணும்" என்றார்.

வியாழக்கிழமை விடிந்தபோது ஸ்டோர் வாசலில் தோட்டமே உட்கார்ந்திருந்தது. பெரட்டுக்கு ஒருவரும் போகவில்லை. தொழில் திணைக்கள அதிகாரியையும் அண்ணன் முன்கூட்டியே வரவழைத்திருந்தார். லொறி வெறுமையாகத் திரும்பியது. பிறகு பேச்சுவார்த்தை, இழுபறி எல்லாம் நடந்தது. ஆனால் அண்ணன் ஓய்வு பெறும்வரை அந்த ஸ்டோர் ஓடியது.

பெரிய துரை மறுபடி விசாரணை என்றார். சர்வரை ஒரு மூலை விடாமல் பார்த்தேன். பூட்டு, சாவி, கடவுச்சொல், போன கடிதம், வந்த கடிதம், எல்லாம் சரியாக இருந்தன. சர்வரிலிருந்தும் மின்னஞ்சலிலிருந்தும் எந்தச் செய்தியும் வெளியே போகவில்லை என்று எழுதினேன். எழுதியதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. பரமநாதன் சேரின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

"நீர் பாத்தனீரோ?" என்றார்.

"பாத்தேன் சேர்."

எடுத்துக் காட்டச் சொல்வார் என்று நின்றேன். அவர் பேனையைத் திறந்து கையெழுத்துப் போட்டு, மூடி, சட்டைப்பையில் குத்திக்கொண்டார்.

"அப்ப சரி" என்றார்.